கச்சதீவு அந்தோனியார்

லிஸ்பனில் பிறந்து, 1231இல் இத்தாலியின் பதுவையில் மறைந்த புனித அந்தோனியாருக்கு அந்நகரில் பென்னம்பெரிய பேராலயம் உண்டு. இலங்கையின் நெடுந்தீவுக்கு அப்பால், ஆளில்லாத கச்சதீவிலும் அவருக்கு ஒரு கோயில் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டுவித்தவர் இராமநாதபுரத்துச் சீனிக்குப்பன் படையாட்சி என்பார்கள். குடியில்லாத தீவில் கோயில் எதற்கு? வலை காயப்போட்டு இளைப்பாறும் இருகரைக் கடற்றொழிலாளருக்குத்தான்.

1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தீவு இலங்கையின் எல்லைக்குள் வந்தது. ஆனாலும் இந்திய யாத்திரிகர் விசா இல்லாமலே வந்துபோகலாம் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். எல்லைக்கோடு கீறுகிறவர்களுக்கு இப்படித் தோன்றுவது அபூர்வம்தான்! பின்னர் இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கோயிலின் ஆண்டுத் திருவிழா தடைப்பட்டது.

இப்போதுள்ள புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இப்போது மீண்டும் மாசி, பங்குனிப் பகுதியில் திருவிழா நடக்கிறது. இலங்கைக் கரையில் குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படும். தீவில் குடிதண்ணீர் இல்லை, போத்தலில் கொண்டுபோங்கள்.