கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சொல்

சொல்வதெழுதுதல் என்றதும் முகம் வாடும் பிள்ளைகள் பலர். பேச்சில் குறைவில்லை; எழுதச் சொன்னால்தான் லகரமா, ளகரமா, ழகரமா என்று பேனா நின்றுவிடுகிறது. சிவப்பு மைக்கு அஞ்சி, தெரிந்த சொல்லையும் விட்டுவிட்டு எளிய சொல்லால் ஒப்பேற்றுகிறார்கள். நாளடைவில் சொல்வளமே சுருங்கிவிடுகிறது. வளைகுடாவிலிருக்கும் வாப்பாவுக்கு இரண்டு வரி எழுதாமல் கைப்பேசியில் குரலைப் பதிந்து அனுப்பும் இக்காலத்தில், இக்குறை வீட்டாரின் கண்ணில் படுவதுமில்லை.

இதற்கு மருந்தாகும் விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் ஒரு சொல்லை மனத்தில் வைத்து, அதில் எத்தனை எழுத்தோ அத்தனை கட்டங்கள் வரைய வேண்டும். மற்றவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கண்டறிய வேண்டும். ஆங்கிலத்தில் இதை ஆடுவோர், ஒவ்வொரு தவறுக்கும் தூக்கில் தொங்கும் மனிதனின் ஓர் உறுப்பை வரைவார்கள். பச்சிளம் பிள்ளைகளுக்கு அப்படம் எதற்கு? பத்து இதழுள்ள பூவை வரைந்து, தவறுக்கு ஓர் இதழை அழித்தால் போதாதா? ஜோஷ் வார்டில் என்பவர் 2021இல் வெளியிட, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு விலைக்கு வாங்கிய ‘வேர்டில்’ விளையாட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், தமிழிலோ 247. ஒவ்வொன்றாகக் கேட்டால் பிள்ளை சலித்துவிடும். ஆகவே முதலில் மெய்யைக் கேட்கட்டும், பிறகு உயிரை. 18 மெய், 12 உயிர் என முப்பதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ‘பள்ளிவாசல்’ என்று வைத்துக்கொள்வோம். ஆறு கட்டங்கள். ‘ல்’ என்று கேட்டால் கடைசிக் கட்டம் மட்டுமே நிரம்பும். ‘ள்’ என்றால் இரண்டாவதும் மூன்றாவதும். பின்னர் ‘இ’ என்றதும் மூன்றாவது ‘ளி’ ஆகும். உயிர் சேராத கட்டத்தில் புள்ளி நிலைத்துவிடும். எந்த லகரம் எங்கே அமர்கிறது என்பதைப் பிள்ளை கண்ணாலேயே காண்கிறது.

‘முயற்சி’யை வைத்துப் பாருங்கள். நான்கே கட்டங்கள். ‘முயற்ச்சி’ என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு ஓரெழுத்து இடமின்றி வெளியே நிற்கும். ‘ற்’றை அடுத்து இன்னொரு புள்ளியெழுத்து வராது என்பதை அப்போது சொன்னால் மறக்காது. ‘மகிழ்ச்சி’க்கோ ஐந்து கட்டங்கள், ழகர மெய்யின் பின் ‘ச்’ வரும். “பத்து முறை எழுது” என்ற தண்டனையால் இவ்வேறுபாடு விளங்கியதாக நான் கண்டதில்லை. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்னும் பெயர்களின் பொருளும் இவ்விளையாட்டில்தான் துலங்கும். வண்டு, கன்று, பந்து ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள்.

பிள்ளையே சொல் வைக்கும் முறை வரும்போது பயன் இரட்டிப்பாகும். கட்டத்தின் எண்ணிக்கை பிசகினால் ஆட்டமே கெட்டுவிடுமாதலால், சொல்லாமலே அகராதியைப் புரட்டும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடலாம். ரமலான், ரமளான், ரமழான் என மூன்று விதமாகவும் அச்சில் காண்கிறோம். பெரியவர்களே தீர்த்துக்கொள்ளாத வழக்கில் பிள்ளைகளை இழுப்பானேன்? நோன்பு, தொழுகை போன்ற சொற்களே போதும்.

ஏழு வயதினருக்கு மூன்றெழுத்துச் சொற்களில் தொடங்குங்கள். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் போதுமானது. “இன்னும் ஒன்று, உம்மா!” என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.