மைதானம் வேண்டுமா? முதலில் தண்ணிக்கு வழி விடுவோம்



பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பழைய தோட்டங்கள் பலவற்றில் பங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு சமமான துண்டு நிலம் இருக்கும். இப்போது அதில் புல்லும் பற்றையும் மண்டிக் கிடக்கும். துருப்பிடித்த கம்பித் தூண் ஒன்றிரண்டு நிற்கும். வயதானவர்களைக் கேட்டால், "அதுவா? அது டெனிஸ் கோட்டு. துரைமாருங்க ஆடுவாங்க. நாங்க பந்து பொறுக்கிக் குடுப்போம்" என்று சொல்வார்கள்.

லிப்டன் 1890ல் அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். அந்தக் காலத்தில் மலைநாட்டுக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார் டெனிஸ் விளையாட்டையும் கூடவே கொண்டு வந்தார்கள். நுவரெலியாவில் 1876ல் தொடங்கிய ஹில் கிளப்பில் டெனிஸ் ஆடும் தரை இன்றும் இருக்கிறது. ஆடியது அவர்கள். மலையை வெட்டி, கல் சுமந்து, தரையை மட்டப்படுத்தியது நம்முடைய பாட்டன்மார்.

இன்று நம் இளைஞர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒரு விளையாட்டுத் தரை. நியாயமான ஆசைதான். லயத்து வாசலில் பந்தடித்தால் ஓடு உடைகிறது, சண்டை வருகிறது. ரோட்டில் அடித்தால் லொறி வருகிறது. ஆனால் மலையில் தரை அமைப்பது பள்ளத்தாக்கில் அமைப்பது போல் அல்ல. அதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

நாங்கள் கண்ட ஒரு தரை

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தோட்டத்தில் பையன்கள் சிரமதானம் செய்து, மலையை வெட்டி, கரப்பந்துக்கு ஒரு தரை போட்டார்கள். மேல் பக்கத்தை வெட்டிய மண்ணைக் கீழ்ப் பக்கம் தள்ளிச் சமப்படுத்தினார்கள். பார்க்க அழகாக இருந்தது. நாங்களும் திறப்பு விழாவுக்குப் போய்க் கைதட்டினோம். கான் எங்கே என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை வந்தது. மேலே இருந்து வந்த தண்ணி தரையில் தேங்கியது. வெட்டிய பாதி அப்படியே நின்றது. நிரப்பிய பாதி இறங்கி, நடுவில் ஒரு வெடிப்பு நீளமாகப் போட்டது. சேறும் தண்ணியும் கீழ் லயத்துக் குசினிக்குள் வந்துவிட்டது. நல்ல காலம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தரையில் அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை. பிழை பையன்களுடையது மட்டுமல்ல, கேட்க வேண்டியதைக் கேட்காத எங்களுடையதும்தான்.

2014 ஒக்டோபர் 29ம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அதற்கு மைதானம் காரணமில்லை. ஆனால் தண்ணி குடித்த மலை எவ்வளவு பாரம் என்பதை அன்று எல்லோரும் கண்டோம். ஆகவே மம்பட்டி எடுக்கும் முன்பு தண்ணியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணி?

டெனிஸ் கோட்டின் கோடு போட்ட இடம் 78 அடி நீளம், 36 அடி அகலம். ஓடி ஆடுவதற்கு இடம் விட்டு முழுத் தரையும் 120 அடிக்கு 60 அடி வேண்டும். ஒரு அங்குல மழை பெய்தால் இந்தத் தரையில் மட்டும் ஏறக்குறைய 17,000 லீற்றர் தண்ணி விழும். 200 லீற்றர் பீப்பாய்க் கணக்கில் 85 பீப்பாய். நாலு அங்குல மழையென்றால் 340 பீப்பாய். மேலே உள்ள மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணி இதில் சேரவில்லை. இவ்வளவும் எங்கே போகும்? இதற்குப் பதில் தெரியாவிட்டால் தரை வெட்டக் கூடாது.

இடம் பார்ப்பது

முதலாவது, லயத்துக்கு நேர் மேலே வேண்டாம். ஊற்று கசியும் இடம், மரம் சாய்ந்து நிற்கும் இடம், நிலத்தில் வெடிப்பு உள்ள இடம், இவையும் வேண்டாம். பழைய டெனிஸ் கோட்டு இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். பல வருட மழை கண்டு இறுகிய மண் அது. புதிதாக மலையை வெட்டுவதை விட அதைத் திருத்துவது செலவும் குறைவு, பயமும் குறைவு.

நிலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பதால் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பதுளை மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டம். அதனால் மலையை வெட்டுவதாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையும் வேண்டும்.

நீளப்பக்கம் வடக்குத் தெற்காக இருந்தால் காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காது. ஆனால் மலையில் அதற்காகக் கூடுதலாக வெட்ட வேண்டாம். மலை போகும் போக்கில் நீளத்தை வைத்தால் வெட்டு குறையும்.

கான் முதலில், தரை பிறகு

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. தேயிலை மலையில் குறுக்காகக் கான் வெட்டி, இடையிடையே தடுப்பு வைத்து, மண்ணைத் தங்க விட்டுத் தண்ணியை மெதுவாக அனுப்புவது நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அதே அறிவுதான் இங்கேயும் வேண்டும்.

1. வெட்டுக்கு மேலே ஒரு கான். மலைத் தண்ணியைத் தரைக்கு வரவிடாமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

2. வெட்டின் அடியில் ஒரு கான். ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழம் வெட்டி உடைத்த கல் நிரப்பினால் மண்ணுக்குள் கசியும் தண்ணி அதில் இறங்கும்.

3. தரையின் தாழ்ந்த பக்கத்தில் கல் பதித்த ஒரு கான். தரைத் தண்ணி இதில் விழுந்து, மண் பிடிக்கும் குழியில் தங்கி, கல் கட்டிய வழியாக ஓடைக்குப் போக வேண்டும். விளிம்பால் கீழே கொட்ட விடவே கூடாது.

தரையின் சாய்வு

முழுச் சமமான தரையில் தண்ணி தேங்கும். நடுவை உயர்த்தி வைத்தால் பந்து தவறாகப் போகும். ஆகவே முழுத் தரையும் ஒரே பலகை போல ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்குச் சாய வேண்டும். கொங்கிரீட் தரைக்குப் பத்து அடிக்கு ஒரு அங்குலம். அதாவது 60 அடி அகலத்துக்கு 6 அங்குலம். மண் தரைக்கு அதில் பாதி போதும், கூடினால் தண்ணி மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். சாய்வு பார்க்க பெரிய கருவி தேவையில்லை. தண்ணி நிரப்பிய கண்ணாடிக் குழாயும் கயிறும் முளைக்குச்சியும் போதும். எந்த பாஸும் செய்து தருவார்.

அடுக்கடுக்காக

மேல் மண்ணை வழித்து ஒரு பக்கம் குவித்து வையுங்கள். தேயிலை வேர், மரக்கட்டை ஒன்றையும் உள்ளே விடக் கூடாது. அது உக்கினால் அந்த இடம் பள்ளமாகும். மண் நிரப்புவதாக இருந்தால் 6 அங்குலம் போட்டு, இடித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த 6 அங்குலம் போட வேண்டும். ஒரே நாளில் கொட்டி மிதித்துவிட்டு வந்தால் அது தரையாகாது.

அவசரம் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரையில் மண் வேலையும் கான் வேலையும் முடியுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையில் அப்படியே விடுங்கள். எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று மழையே காட்டிக் கொடுக்கும். பெப்ரவரி, மார்ச்சில் அதைத் திருத்தி, நாலு முதல் ஆறு அங்குலம் உடைத்த கல் பரப்பி உருட்டி, அதன் மேல் கிரவல் போட்டு இறுக்கலாம். காசு சேர்ந்த பிறகு கொங்கிரீட் போடலாம். வெட்டிய சரிவிலும் நிரப்பிய சரிவிலும் வழித்து வைத்த மண்ணைப் பரப்பி மானா புல் நட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும்.

ஒரு தரை, மூன்று விளையாட்டு

டெனிஸுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கரப்பந்துக்கு 18 மீற்றருக்கு 9 மீற்றர் போதும். நம் பெண் பிள்ளைகள் பாடசாலையில் ஆடும் வலைப்பந்துக்கு 30.5 மீற்றருக்கு 15.25 மீற்றர். இரண்டும் டெனிஸ் தரைக்குள் அடங்கும். வலைக் கம்பத்தைக் கழற்றி எடுக்கும்படி குழாய்க்குள் நிறுத்தினால் எல்லா ஆட்டத்துக்கும் உதவும். பையன்களுக்கு ஒரு நேரம், பிள்ளைகளுக்கு ஒரு நேரம் என்று முதலிலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

பார்த்துக்கொள்வது

மழை விட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் கழித்து ஒரு ரூபாய்க் குற்றியை ஈரமான இடத்தில் வையுங்கள். தண்ணி அதை மூடினால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் எல்லாக் கானையும் ஒரு முறை துப்புரவு செய்ய வேண்டும். தரையிலோ சரிவிலோ புது வெடிப்புக் கண்டால் ஆட்டத்தை நிறுத்தி, அன்றைக்கே நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவியுங்கள். கீழே லயம் இருந்தால் மழை விடும் வரை அங்குள்ளவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவது நல்லது. "நாளைக்குப் பாப்போம்" என்று விட வேண்டாம்.

பாட்டன்மார் அடுத்தவன் ஆடுவதற்காகத் தரை வெட்டினார்கள். நாம் வெட்டுவது நம் பிள்ளைகளுக்கு. அந்தத் தரைக்குக் கீழே படுத்துத் தூங்குவதும் நம் பிள்ளைகள்தான். ஆகவே கானை முதலில் வெட்டுவோம். உங்கள் தோட்டத்தில் இடம் பார்த்து வைத்திருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். இந்த முறை திறப்பு விழாவுக்கு முன்பே வருகிறோம்.