515 கிலோமீட்டர் ஓடும், டிரெய்லர் பூட்டாத வரை!

மாணவர்களே, அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மின்சாரப் பிக்கப் வண்டிகளின் விவரப் பட்டியலைக் கையில் கொடுத்தால், உங்கள் கண் முதலில் குதிரைத்திறனைத்தான் தேடும். 2022-இல் சாலைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 580. நான்கு மோட்டார்கள் கொண்ட ரிவியன் ஆர்1டி 835. டெஸ்லா சைபர்டிரக்கின் உயர்வகை 845. ஜிஎம்சி ஹம்மர் ஆயிரம்! நாம் என்ன பந்தயக் காரா வாங்கப் போகிறோம்? சுமை இழுக்கும் வண்டிக்கு வேறு இரண்டு எண்கள்தாம் முக்கியம்.

முழு மின்னேற்றத்தில் ஓடும் தூரம் ஒன்று. இழுவைத் திறன் மற்றொன்று. பெரிய மின்கலம் கொண்ட லைட்னிங் 515 கிலோமீட்டர் ஓடும். சுமார் 4,500 கிலோ டிரெய்லரை இழுக்கும். ரிவியன் 505 கிலோமீட்டர், சுமார் 5,000 கிலோ. இரண்டு எண்களும் உண்மைதான். ஆனால் ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்காது. தூரத்தை அளக்கும் அரசு சோதனையில் வண்டியின் பின்னால் டிரெய்லர் இல்லை. பெரிய டிரெய்லரைப் பூட்டிப் பார்த்தவர்களுக்குப் பாதித் தூரம்தான் கிடைத்தது. சில வேளைகளில் அதுவும் இல்லை.

ஏன்? லைட்னிங்கின் மின்கலத்தில் 131 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டில் உள்ள அதே அலகுதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. வகுத்துப் பாருங்கள்: அவ்வளவு பெரிய மின்கலம் சுமப்பது 15 லிட்டர் பெட்ரோலின் ஆற்றலைத்தான்! பெட்ரோல் எஃப்-150-இன் பெரிய தொட்டியோ 136 லிட்டர் கொள்ளும்.

15 லிட்டருக்கு ஈடான ஆற்றலில் 515 கிலோமீட்டர் ஓடுவது வியப்புதான். பெட்ரோல் இயந்திரம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்திற்கே அனுப்புகிறது. ஆனால் உயரமான டிரெய்லர் பின்னால் வந்தால் காற்றுத்தடை எகிறும். அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் விசை. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 110-க்குப் போனால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பெட்ரோல் வண்டிக்கும் இதே தொல்லைதான். அதற்குப் பெரிய தொட்டி இருக்கிறது. சில நிமிடங்களில் நிரப்பியும் விடலாம். லைட்னிங்கை விரைவு மின்னேற்றியில் 15 விழுக்காட்டிலிருந்து 80-க்குக் கொண்டுவர 41 நிமிடம் ஆகும்.

அப்படியானால் இன்னும் பெரிய மின்கலத்தைப் பொருத்தலாமே என்பீர்கள். ஹம்மர் அதைத்தான் செய்தது. 200 கிலோவாட் மணிக்கும் மேற்பட்ட அதன் மின்கலம் மட்டுமே சுமார் 1,300 கிலோ. ஒரு முழு மைவி காரைவிடக் கனம். வண்டியின் மொத்த எடை 4 டன்னைத் தாண்டுகிறது. இவ்வளவும் சுமந்து அது ஓடுவது 529 கிலோமீட்டர். லைட்னிங் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 25 கிலோவாட் மணி செலவிட, ஹம்மருக்கு 38-க்கும் மேல் தேவை. எனக்கு இது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

2025 டிசம்பரில் ஃபோர்டு லைட்னிங்கின் முழு மின்சார வகையை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்து வரும் வண்டியிலும் சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். கூடவே, ஓடும்போதே மின்சாரம் தயாரிக்க ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்கும். ஓடும் தூரம் 1,100 கிலோமீட்டருக்கு மேல் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. அதுவும் டிரெய்லர் இல்லாமல்தானா என்று, பட்டியல் வெளிவரும்போது பாருங்கள்.