பழைய புரோட்டோனை விற்பதற்கு முன்

பழைய கார் எல்லாம் கிளாசிக் ஆகிவிடாது. புதிதாக வாங்கிய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாக் கார்களும் விலை சரிந்து அடிமட்டத்துக்கு வந்துவிடும். பெரும்பாலானவை அங்கிருந்து நேரே பழைய இரும்புக் கடைக்குப் போகும். சில மட்டும் இருபது, இருபத்தைந்து ஆண்டு கடந்ததும் மறுபடி விலை ஏறும். அந்தக் கார் புதிதாக வந்தபோது வாங்க வழியின்றி ஏக்கத்தோடு பார்த்து நின்ற பள்ளிப் பிள்ளைகள் கையில் அப்போதுதான் நாலு காசு சேர்ந்திருக்கும்.

1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா ஏஇ86 அப்படி உயர்ந்த கார். அதன் காலத்தில் அது சாதாரண கொரோலா வரிசையைச் சேர்ந்தது. பின்சக்கர இயக்கமும் குறைந்த எடையும் கார்ப் பந்தய இளைஞர்களைக் கவர்ந்தன. 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியச் சித்திரக்கதை அதை ஆசியா முழுவதும் கொண்டாட வைத்தது. அதற்கான சில உதிரிப்பாகங்களை 2021இல் டொயோட்டாவே மறுபடி தயாரிக்க வேண்டி வந்தது.

மலேசியாவில் இந்த வரிசையில் முதலில் நிற்பது தேசியக் கார்தான். புரோட்டோன் சாகா 9 ஜூலை 1985 அன்று அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது. அதே ஆண்டில், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில் அப்போதைய பிரதமர் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். பினாங்குவாசிகளுக்குப் பாலமும் சாகாவும் ஒரே வயது. இலட்சக்கணக்கில் விற்ற கார் எப்படி அரிய பொருளாகும் என்று கேட்கலாம். எல்லோரிடமும் இருந்ததால்தான் யாரும் பேணவில்லை. டாக்ஸியாகவும் கடைச் சாமான் ஏற்றும் வண்டியாகவும் ஓடித் தேய்ந்தவை போக, முதல் ஆண்டுகளின் சாகா அசல் நிறத்தோடும் அசல் இருக்கைகளோடும் இன்று கிடைப்பது அபூர்வம்.

ஓட்டுவதன் சுகத்துக்காகத் தேடப்படுவது வேறொரு கார்: 1999இல் வந்த சத்ரியா ஜிடிஐ. மூன்று கதவு, ஐந்து கியர் மேனுவல், மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இயந்திரம், சுமார் 140 குதிரைத்திறன். 1996இல் புரோட்டோனின் கைக்கு வந்திருந்த இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் இதன் சஸ்பென்ஷனைச் சீர்செய்தது. பின்புறத்தில் அதைச் சொல்லும் சின்னமும் உண்டு. 2004இல் வந்த சத்ரியா ஆர்3 வெறும் 150 கார்கள்தான். மலேசியாவில் உருவான நவீனக் கார்களில் எதிர்காலக் கிளாசிக் என்று தயங்காமல் சொல்லத் தகுந்தவை இவ்விரண்டும்.

ஆனால் ஜிடிஐ என்று விற்கப்படுவதெல்லாம் ஜிடிஐ அல்ல. சாதாரண 1.3 சத்ரியாவுக்கு ஜிடிஐயின் பம்பரும் ஸ்பாய்லரும் மாட்டிவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. காரின் பதிவு ஆவணமான கிராண்டைப் பார்த்தால் தெரியும். அசல் ஜிடிஐயின் கிராண்டில் இயந்திரக் கொள்ளளவு 1834 சிசி என்றிருக்கும். 1299 என்றிருந்தால் அது வேடமிட்ட கார். பிஎல்1 என்று தொடங்கும் சேஸிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் காரில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் நம் நாட்டின் 'ஹாஃப் கட்' வழக்கம். ஜப்பானில் கழித்துக்கட்டிய கார்களைக் குறுக்கே அறுத்து, இயந்திரம், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்ந்த முன்பாதியை இங்கே இறக்குமதி செய்து விற்பார்கள். 1993இல் வந்த புரோட்டோன் வீரா அந்தக் காலத்து லான்சரின் உடல் என்பதால், அதே உடலில் பிறந்த லான்சர் எவலூஷனின் பாகங்கள் அதில் கச்சிதமாகப் பொருந்தின. எத்தனையோ வீராக்கள் இப்படி 'எவோ'வாக மாறின. அந்தக் கைவேலையில் உண்மையான திறமை இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சேகரிப்பாளர் பணம் கொடுப்பது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கு. மாற்றப்படாத வீரா 1.8 இன்று மாற்றப்பட்டதைவிட அரிது.

சிறிய கார்களில் பெரோடுவா கெலிசா தனித்து நிற்கிறது. 2001 முதல் 2007 வரை மட்டுமே தயாரான இதன் மேனுவல் கியர் வகைக்கு, அதே வயதுடைய மற்றக் கார்களைவிடக் கூடுதல் விலை இப்போதே கேட்கிறார்கள். 1994இல் வந்த கன்சிலின் முறையும் வரும். மலேசியர்களில் ஒரு தலைமுறையே ஓட்டுநர் பள்ளியில் கன்சிலில்தான் கிளட்ச் பழகியது. அமைச்சர்கள் பயணித்த புரோட்டோன் பெர்டானா வி6க்கு கௌரவம் உண்டு, ஆனால் பராமரிப்புச் செலவு ஆளை விழுங்கும்.

அரிதாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு புரோட்டோன் தியாரா சாட்சி. சித்ரோயன் ஏஎக்ஸை அடிப்படையாகக் கொண்டு 1996இல் வந்து நான்கே ஆண்டுகளில் நின்றுபோனது. இன்று கண்ணில் படுவதே கடினம். இருந்தும் தேடுவோர் குறைவு. சத்ரியா நியோவுக்கு அந்தக் குறை இல்லை. அலிஸ்டர் மெக்ரே 2011இல் ஆசிய பசிபிக் ரேலி பட்டத்தை நியோவில்தான் வென்றார். 2010இல் வந்த அதன் லோட்டஸ் ரேசிங் பதிப்பு 25 கார்களோடு முடிந்தது.

இனி வரும் கார்களுக்குக் கிளாசிக் ஆவது கடினமாகும். கார்புரேட்டரை எந்தப் பட்டறையிலும் கழற்றிச் சுத்தம் செய்யலாம். மென்பொருளில் இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால், தயாரித்தவரே கைவிட்ட பிறகு வழியில்லை. மின்சாரக் கார்களின் பேட்டரிக்கும் அதே நிலைதான். 2017இல் சீனாவின் கீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய பின் வந்த மாடல்கள் பெரும்பாலும் கீலி கார்களின் வழிவந்தவை. அதற்கு முந்தைய மேனுவல் கியர் புரோட்டோன்கள் முடிந்துபோன ஒரு காலத்தின் கடைசிக் கார்கள்.

பினாங்கில் இவற்றின் முதல் எதிரி கடற்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவின் அடிப்பகுதி, டிக்கியில் ஸ்பேர் டயர் படுத்திருக்கும் குழி ஆகிய இடங்களில் துருவைத் தொடங்கிவைக்கும். வெயில் டாஷ்போர்டை வெடிக்கச் செய்யும். இயந்திரத்தைப் புதுப்பித்துவிடலாம், துரு தின்ற தகட்டை மீட்கும் செலவு காரின் விலையைத் தாண்டும். வீட்டில் இப்படி ஒரு கார் நின்றால் அதைக் கூரையின் கீழ் நிறுத்துங்கள். கழற்றிய அசல் சக்கரங்களையும் ஸ்டியரிங்கையும் வீசாதீர்கள். கிராண்ட், சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி, வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுவையுங்கள்.