15 பேர் வர்றாங்களா? ராஜ்மா டிப் செம ஈஸி... ஆனா இந்த ஒரு ஸ்டெப்பை மட்டும் விட்டுடாதீங்க!

மேட்ச் நைட், பர்த்டே, புது வீட்டுக்குக் குடிபோன பார்ட்டி என எதுவாக இருந்தாலும் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் சூப்பர் பௌல் பார்க்கக் கூடும் வீடுகளில் அந்தக் கிண்ணத்தில் வழக்கமாக இடம்பிடிக்கும் அயிட்டங்களில் ஒன்று பீன் டிப். மசித்த பீன்ஸ், கொஞ்சம் காரம், கொஞ்சம் புளிப்பு. அவ்ளோதான். நம்ம ஊரில் இதற்குக் கைகொடுப்பது மளிகைக் கடை ராஜ்மா. ஆனால், அந்த ராஜ்மாவை எப்படி வேகவைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்த டிப்பின் பூர்வீகம் மெக்சிகோ. அங்கே வேகவைத்த பீன்ஸை மசித்து, கொழுப்பில் வதக்கும் பதார்த்தத்துக்கு 'ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ்' என்று பெயர். இது ஆங்கிலத்தில் 'ரீஃப்ரைடு பீன்ஸ்' ஆனதால், இரண்டு முறை பொரிப்பார்கள் போல என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்பானிஷில் அந்த 'ரெ' என்பது 'நன்றாக' என்ற அழுத்தம் மட்டுமே. ஒருமுறை வதக்கினால் போதும்.

ராஜ்மாவில் அப்படி என்ன பிரச்னை?

பச்சை ராஜ்மாவில் 'ஃபைட்டோஹீமக்ளூட்டினின்' என்ற புரதம் இருக்கிறது. லெக்டின் வகையைச் சேர்ந்தது. சிவப்பு ராஜ்மாவில்தான் இது ரொம்ப அதிகம். சரியாக வேகாத நாலைந்து பீன்ஸ் வயிற்றுக்குள் போனாலே ஆட்டம் காட்டிவிடும் என எச்சரிக்கிறது அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் குமட்டலும் கடுமையான வாந்தியும் வரும். பிறகு வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றாலும், சிலருக்கு ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கும். ஒரே கிண்ணத்தில் 15 பேர் தொட்டுச் சாப்பிட்டிருந்தால்?

2006 மே மாதம் ஜப்பானில் இது நிஜமாகவே நடந்தது. ஒரு டிவி நிகழ்ச்சியில், வெள்ளை ராஜ்மாவை சுமார் மூன்று நிமிடம் வறுத்துப் பொடித்து, சோற்றில் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று சொன்னார்கள். அதைப் பார்த்துச் செய்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 80 டிகிரி செல்சியஸ் அளவில் மெதுவாக வெந்தால், இந்த நச்சுத்தன்மை பச்சை பீன்ஸில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடக்கூடும். ஸ்லோ குக்கரில் நேரடியாக ராஜ்மா போடக் கூடாது என்பது அதனால்தான். தண்ணீர் தளதளவென 100 டிகிரியில் கொதிக்க வேண்டும். 10 நிமிடத்திலேயே நச்சு போய்விடும் என்றாலும், 30 நிமிடம் கொதிப்பது பாதுகாப்பு. நம்ம பிரஷர் குக்கர் 120 டிகிரியை ஒட்டிப் போவதால் இங்கே ஜெயிப்பது அதுதான்.

எப்படிச் செய்வது?

15 பேருக்கு அரை கிலோ ராஜ்மா தாராளம். வெந்தபின் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். முந்தைய இரவே ஊறப்போடுங்கள். குறைந்தது 5 மணி நேரம் ஊற வேண்டும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் நுரைத்து வாடை வரும், அதனால் ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். சத்து போய்விடுமே என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்கும் பழக்கம் இங்கே வேண்டாம்.

குக்கரில் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு வகைகள் நுரைத்து விசில் துளையை அடைக்கும். சின்ன குக்கர் என்றால் இரண்டு தடவையாக வையுங்கள். ஐந்தாறு விசில் விட்டு, தீயைக் குறைத்து இன்னும் 15 நிமிடம். பிரஷர் தானாக அடங்கியதும், வெவ்வேறு இடத்திலிருந்து நாலு பீன்ஸ் எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, கடிபடும் மாவு மாதிரி இருந்தால் மறுபடி குக்கர்தான். ருசி பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

மற்றதெல்லாம் 10 நிமிட வேலை. எண்ணெயில் சீரகம், ஏழெட்டுப் பல் பூண்டு, இரண்டு பெரிய வெங்காயம் வதக்கி, மிளகாய்த்தூள், உப்பு போட்டு, ராஜ்மாவைச் சேர்த்து மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் பேஸ்ட் ஆகிவிடும், கொஞ்சம் திப்பி திப்பியாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தளர்வாக இறக்குங்கள். ஆறினால் மாவுச்சத்து இறுகி, அதுவே கெட்டியாகும். கடைசியில் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கப் கெட்டித் தயிர். நாச்சோஸ் கிடைக்கவில்லையா? பொரித்த அப்பளம், கேரட், வெள்ளரி எல்லாமே செட் ஆகும்.

நேரமே இல்லை என்பவர்கள் டின்னில் வரும் ராஜ்மாவை வாங்கலாம். அது ஏற்கெனவே முழுதாக வெந்தது, கழுவி நேராக மசித்துவிடலாம். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

டேபிளில் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

பொதுவான கணக்கு 2 மணி நேரம். அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். ஏ.சி. இல்லாத சென்னை மொட்டை மாடி பார்ட்டிக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். அதனால் மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் பரப்பி வைக்காமல், சின்னக் கிண்ணங்களில் எடுத்து, தீரத் தீர ஃப்ரிட்ஜிலிருந்து நிரப்புங்கள். கடித்த சிப்ஸை மறுபடி கிண்ணத்தில் முக்கும் நண்பர் எல்லா குரூப்பிலும் ஒருவர் இருப்பார். அவருக்காகவே ஒரு ஸ்பூனும் தனித்தட்டும் வைத்துவிடுங்கள்.

டேபிளுக்கு வராமல் ஃப்ரிட்ஜிலேயே இருந்த டிப் மூன்று நாள் தாங்கும். சூடாக்கி, வெங்காயம் தூவி, சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டினால் திங்கட்கிழமை லன்ச் பாக்ஸ் ரெடி.