கோடும் கணுவும்

கட்டடம் மண்ணில் எழுமுன் கோடாக எழுகின்றது. தச்சர் காவியில் தோய்த்த நூலை மரத்தின்மேல் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கிச் சுண்டிவிடுவர். நேர்கோடு ஒன்று மரத்தில் பதியும். அக்கோட்டின் வழியே வாள் செல்லும். கொத்தர் அடித்தளம் தோண்டுமுன் முளையடித்துக் கயிறு கட்டுவர். அக்கயிற்றின் வழியே சுவர் எழும். கோடு பிழைத்தால் வாளும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும். ஆதலால், கோடு இழுத்தல் எளிய செயல்போல் தோன்றினும், அதுவே கட்டடக் கலையின் முதற்படி ஆகும்.

நூலிலும் கயிற்றிலும் இருந்த கோடு பின்னர்த் தாளுக்கு வந்தது; நம் காலத்தில் கணிப்பொறித் திரைக்கு வந்துவிட்டது. 1963ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஐவன் சதர்லண்டு என்பவர், ‘ஸ்கெட்ச்பேடு’ என்னும் வரைவு முறையை ஆக்கினார். ஒளிப்பேனா ஒன்றைத் திரைமேல் வைத்து அவர் கோடுகளை வரைந்தார், வரைந்தவற்றை நகர்த்தினார், திருத்தினார். பாலத்தின் சட்டகம் ஒன்றை வரைந்து, அதன் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விசையைத் தாங்குகின்றது என்பதையும் அம்முறையால் காட்டினார். அன்று பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் மட்டுமே இயன்ற இச்செயல், 1982இல் ‘ஆட்டோகேட்’ போன்ற மென்பொருள்கள் வெளிவரத் தொடங்கிய பின்னர், சிறு அலுவலகங்களிலும் இயல்வதாயிற்று.

தாளில் உள்ள கோட்டிற்கும் கணிப்பொறியில் உள்ள கோட்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தாளில் உள்ள கோடு மையின் தடம். அதனைக் கண்ணாற் காண்கின்றோம். கண் சொல்வதையே நம்புகின்றோம். கணிப்பொறியோ கோட்டைக் காண்பதில்லை. அது இரண்டு முனைகளின் அளவுகளையும், அவ்விரண்டையும் இணைக்கும் உறவையும் மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கின்றது. திரையில் தோன்றும் கோடு நமக்காகத் தீட்டப்படும் படமே. உண்மையான கோடு எண்களில் இருக்கின்றது. இந்த வேறுபாட்டை உணராதவர் எத்துணை அழகாக வரைந்தாலும் பிழைபடுவர். இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கைத்தறிகளும் விசைத்தறிகளும் அங்குப் பலருக்கு வாழ்வளிக்கின்றன. அவ்வூரில் ஒரு தறிக்கூடத்துக்கு எஃகுக் கூரை அமைக்க வேண்டும் எனக் கொள்வோம். கூடத்தின் அகலம் 12 மீட்டர்; சுவரின் தலையிலிருந்து கூரையின் உச்சிவரை உயரம் 3 மீட்டர். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாயின் வழியே காற்று வலிமையுடன் வீசும் பகுதி அது. ஆதலால், கூரை தன் எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. காற்றையும் எதிர்த்து நிற்றல் வேண்டும். அத்தகைய கூரையைத் தாங்கும் முக்கோண அமைப்பைக் கூரைச் சட்டகம் என்போம். பட்டறைகளில் அதனை ‘டிரஸ்’ என்பர். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், கப்பல்களுக்கு வழிவிட மேலெழும் 72.5 மீட்டர் நீளப் பகுதியும் எஃகுச் சட்டகமே ஆகும்.

சட்டகத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று கூடும் இடத்தைக் கணு என்பர். கரும்பிலும் மூங்கிலிலும் கணு இருப்பதுபோல, சட்டகத்திலும் கணு உண்டு. ஓர் உறுப்பில் எழும் விசை மற்றோர் உறுப்புக்குக் கணுவின் வழியாகவே செல்லும். கணு இல்லாத இடத்தில் விசைக்கு வழியில்லை.

நம் கூரைச் சட்டகத்தை இப்பொழுது வரையத் தொடங்குவோம். இடப்பக்கச் சுவரின் தலையை (0, 0) எனக் கொண்டால், வலப்பக்கச் சுவரின் தலை (12, 0) ஆகும். உச்சி (6, 3) ஆகும். அடிக் கம்பியை 3 மீட்டருக்கு ஒரு கணுவாக நான்கு பகுதிகளாக்குவோம். சரிவுக் கம்பி ஒவ்வொன்றையும் நடுவில் ஒரு கணுவிட்டு இரண்டு பகுதிகளாக்குவோம், அந்நடுக்கணுக்கள் (3, 1.5), (9, 1.5) என்னும் இடங்களில் அமையும். மேற்கணுக்கள் மூன்றிலிருந்தும் நேர் கீழே மூன்று நிலைக்கம்பிகள் இறங்கும். அடியின் நடுவிலுள்ள (6, 0) என்னும் கணுவிலிருந்து சரிவின் நடுக்கணுக்களுக்கு இரண்டு குறுக்குக் கம்பிகள் செல்லும். ஆகக் கணுக்கள் எட்டு, உறுப்புகள் பதின்மூன்று.

கோட்டின் முனையை வைப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. முனையின் ஆயத்தொலைகளை நேரே எண்ணாகக் கொடுத்தல் ஒன்று. தொடங்கும் இடத்திலிருந்து நீளத்தையும் கோணத்தையும் கொடுத்தல் மற்றொன்று. முன்பே உள்ள கணுவைச் சுட்டி, புதிய கோடு அதனையே பற்றிக்கொள்ளுமாறு செய்தல் மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றே என்று எண்ணுதல் தவறு. சரிவுக் கம்பியின் நீளத்தைப் பிதாகரசு தேற்றத்தால் காண்போம். 6இன் வர்க்கம் 36, 3இன் வர்க்கம் 9, கூட்டுத்தொகை 45, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.708. கோணமோ ஏறத்தாழ 26.6 பாகை. இவ்வாறு சுருக்கிய எண்களைக் கொடுத்துக் கோட்டை வரைந்தால், அதன் மேல்முனை உச்சியாகிய (6, 3) என்னும் இடத்தை அடையாது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தள்ளி நின்றுவிடும். வலப்பக்கச் சரிவும் அவ்வாறே தள்ளி நிற்கும். நடுவிலுள்ள நிலைக்கம்பி மட்டும் உரிய இடத்தில் முடியும். 12 மீட்டர்ச் சட்டகத்தைத் திரையில் 30 சென்டிமீட்டர் அகலத்தில் காணும்பொழுது, இந்த 4 மில்லிமீட்டர் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகவே தோன்றும். கண்ணுக்கு அது புலப்படுமோ? மூன்று கம்பிகளும் உச்சியில் கூடிவிட்டனவாகவே தோன்றும். கணிப்பொறிக்கோ அங்கே ஒரு கணு இல்லை. மூன்று கணுக்கள் உள்ளன.

தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த முனைகளை முடிந்து பிணைப்பார். இரண்டு முனைகளும் அருகருகே கிடக்கின்றன என்று அவர் விட்டுவிடுவதில்லை. அருகில் கிடப்பது வேறு, பிணைந்திருப்பது வேறு. கோடுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆதலால், முதல் மூன்று புள்ளிகளை ஆயத்தொலைகளால் அமைத்து, பிற கோடுகளை அக்கணுக்களையும் நடுப்புள்ளிகளையும் பற்றச் செய்து வரைதலே சிறந்த முறையாகும்.

வரைந்த கோடுகளைத் திருத்துதற்கும் முறைகள் உண்டு. குறையாக நின்ற கோட்டை மற்றொரு கோட்டைத் தொடும்வரை நீட்டலாம். மிகையாகச் சென்றதைக் கத்தரிக்கலாம். ஒன்றைப் பல பகுதிகளாகப் பகுக்கலாம். உள்ளதைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கலாம். கண்ணாடியில் காண்பதுபோல இடத்தை வலமாக்கிப் படியெடுக்கலாம். இவற்றுள் பகுத்தலும் ஆடிப்படி எடுத்தலும் சிறப்பாகக் கருதத்தக்கன.

பகுத்தலை முதலில் காண்போம். அடிக் கம்பியை (0, 0) முதல் (12, 0) வரை ஒரே கோடாக இழுத்துவிட்டோம் எனக் கொள்வோம். நடு நிலைக்கம்பி அதனை (6, 0) என்னும் இடத்தில் தொடுகின்றது. ஆனால், அடிக் கம்பிக்கு அங்கே முனை இல்லை; எனவே கணுவும் இல்லை. கோட்டை அவ்விடத்தில் பகுத்தால்தான் இரண்டும் இணையும். அங்ஙனமாயின், கோடுகள் வெட்டும் இடங்களில் எல்லாம் பகுத்துவிடலாமா? கூடாது. காற்றைத் தாங்குவதற்காக இரண்டு கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அமைக்குமிடத்தில், ஒன்று மற்றொன்றின் பின்புறமாக, அதனோடு பிணைக்கப்படாமலே செல்வது உண்டு. அங்குப் பகுத்தால், இல்லாத இணைப்பை உண்டாக்கியவர் ஆவோம். எங்கே இணைப்பு உண்டு, எங்கே இல்லை என்பதைப் பட்டறையில் நிகழப்போவதை அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும். கணிப்பொறி அதனை அறியாது.

அடுத்தது ஆடிப்படி. சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணர் கோவிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தை எதிரே நின்று பாருங்கள். அதன் நடுவே நேர்கோடு ஒன்று இழுத்தாற்போல, புறவடிவம் இருபாலும் ஒத்திருக்கும். இத்தகைய வடிவத்தில் ஒரு பாதியை வரைந்தால், மறுபாதியை ஆடிப்படியாகப் பெறலாம். நம் சட்டகமும் அவ்வாறே. இடப்பாதியில் அடியில் இரண்டு, சரிவில் இரண்டு, நிலைக்கம்பி ஒன்று, குறுக்குக் கம்பி ஒன்று ஆக ஆறு உறுப்புகள் உள்ளன. படியெடுத்தால் பன்னிரண்டாகும்; நடு நிலைக்கம்பியைச் சேர்த்தால் பதின்மூன்று. ஆனால், நடு நிலைக்கம்பியையும் சேர்த்துப் படியெடுத்துவிட்டால், அதன்மேலேயே மற்றொரு கம்பி படிந்துவிடும். கண் ஒன்றையே காணும். கணிப்பொறி இரண்டாக எண்ணும். அங்கு இல்லாத வலிமையை இருப்பதாகக் கணக்கிட்டுவிடும்.

இத்தகைய பிழைகளை அறிவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கணுக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, மூன்றைக் கழித்தால், ஒரு தளத்தில் அமையும் எளிய சட்டகத்துக்கு வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். நம் சட்டகத்தில் கணுக்கள் எட்டு, இருமடங்கு பதினாறு, மூன்றைக் கழித்தால் பதின்மூன்று. கணக்குச் சரியாக இருக்கின்றது. உச்சியில் ஒரு கணு மூன்றாகப் பிரிந்துவிட்டால், கணுக்கள் பத்தாகும். உறுப்புகள் பதினேழு வேண்டும். இருப்பவையோ பதின்மூன்றே. அச்சட்டகம் நில்லாது. நிலைக்கம்பி இரட்டித்திருந்தால், பதின்மூன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு இருக்கும். எண்ணிக்கை சரியாக இருப்பதாலேயே சட்டகம் சரியானது என்று கொள்ளவும் இயலாது. எனினும், எண்ணிக்கை பிழைத்தால் எங்கோ பிழை உண்டு என்பது உறுதி.

சில பிழைகளைக் கணிப்பொறியே எடுத்துரைக்கும். ‘இவ்வமைப்பு நிலையற்றது’ என்று கூறிக் கணக்கை நிறுத்திவிடும். அஞ்ச வேண்டியது அதனை அன்று. சரிவுக் கம்பிகள் தொடர்ச்சியாக, வளையாது நிற்பனவாகக் கொள்ளப்பட்டிருக்கும்பொழுது, ஒரு குறுக்குக் கம்பி இணையாமல் நின்றாலும் கணிப்பொறி வாளா இருக்கும், விடையும் தரும். அவ்விடை பொய்யாயிருக்கும். அதனை நம்பி வெட்டிய எஃகின்கீழ் மனிதர் நின்று தறி ஓட்டுவர்.

வரைவும் கட்டடமும் வேறுபட்டால் நேர்வதென்ன என்பதை அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டு நகரம் கண்டது. அந்நகரின் பெரிய விளையாட்டரங்கின் எஃகுக் கூரை கணிப்பொறியின் துணையால் திட்டமிடப்பட்டது. 1978ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் விடியுமுன், பனிச்சுமை கூரைமேல் இருந்தபொழுது, அது முழுவதும் இடிந்து வீழ்ந்தது. சில மணி நேரத்துக்கு முன்னர்வரை ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து விளையாட்டைக் கண்டுகளித்தனர். அவர்கள் கலைந்து சென்றிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. ஆராய்ந்தபொழுது குறைகள் சில வெளிப்பட்டன. மேலடுக்குக் கம்பிகள் தம் நடுவில் அசையாதபடி பிடிக்கப்பட்டிருப்பதாகக் கணக்குக் கொண்டிருந்தது. கூரையின் ஓரத்துக் கம்பிகள் உண்மையில் அவ்வாறு பிடிக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு புள்ளியில் கூடுவதாக வரையப்பட்ட கம்பிகளும் எஃகில் அப்புள்ளியில் கூடவில்லை. கட்டும் காலத்திலேயே கூரை கணித்ததைவிட ஏறத்தாழ இருமடங்கு தொய்ந்திருந்தது. அவ்வெச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை.

இடைவெளிகளை நீக்கக் கணிப்பொறியிலேயே வழியுண்டு. குறித்த எல்லைக்குள் அடுத்தடுத்துள்ள முனைகளையெல்லாம் ஒரே கணுவாகச் சேர்க்குமாறு பணிக்கலாம். எல்லையை 10 மில்லிமீட்டர் எனக் கொடுத்தால், நம் சட்டகத்தின் உச்சி ஒன்றாகிவிடும். ஆனால், எல்லையைப் பெரிதாக்கினால், வேறாக இருக்க வேண்டிய கணுக்களும் ஒன்றாகிவிடும். ஆகவே, இம்மருந்தையும் அளவறிந்தே உண்ண வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் இரு முனையிலும் சிறிது சுருக்கித் திரையில் காட்டச் செய்தால், பகுக்கப்படாத கோடுகள் தனித்துத் தெரியும். சுமையை ஏற்றி, வளைவைப் பெரிதாக்கிக் காட்டச் செய்தால், இணையாத கம்பி தனியே விலகி நிற்கும். உறுப்புகளை எண்ணுதல், சுருக்கிப் பார்த்தல், வளைத்துப் பார்த்தல் என்னும் இம்மூன்று சோதனைகளுக்கும் சில நிமிடங்களே ஆகும்.

மாணவர்களே! வடிவியல் பாடத்தில் கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை என்றும், அதன் முனைகள் புள்ளிகள் என்றும் படிக்கின்றீர்கள். அது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. பொறியாளர் இழுக்கும் கோடு, ‘இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு விசை செல்லும்’ என்று அவர் கொடுக்கும் வாக்கு. அக்கோட்டின் முனை கணுவைச் சேராவிடின், கொடுத்த வாக்கு தவறியதாகும். அவ்வாக்கை நம்பியே கூரையின்கீழ் நெசவாளர் நிற்கின்றனர். பாலத்தின்மேல் பயணிகள் செல்கின்றனர். கணிப்பொறி விரைந்து கணக்கிடும், அயர்வின்றிக் கணக்கிடும். ஆனால், கோடுகள் உண்மையாகவே கூடியுள்ளனவா என்று ஒருமுறை வினவிப் பார்க்கும் பொறுப்பு என்றும் மனிதருடையதே ஆகும்.