நாணயம் சேர்ப்போம், நாணயம் காப்போம்



சென்ற பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சென்றிருந்தேன். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்கினோம். தேக்காச் சந்தையில் பசியாறினோம். கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையத்தையும் கண்டு மகிழ்ந்தோம். திரும்பும் வழியில், லிட்டில் இந்தியாவில் பணமாற்று வணிகர் ஒருவரின் சிறு கடை முன் மாணவர்கள் நின்றுவிட்டனர். கண்ணாடிக்குப் பின்னால் பல நாட்டுப் பணத்தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "ஐயா, எல்லா நாட்டுப் பணமும் இங்கே இருக்கிறது. நம் பாட்டன் காலத்துப் பணம் எங்கே போயிற்று?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவ்வினாவுக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

நாம் அன்றாடம் வழங்கும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் 'ஐந்து வெள்ளி', 'பத்து வெள்ளி' என்று கூறுகின்றோம். இன்று நம் கையில் இருப்பதோ தாள். அதில் வெள்ளி உலோகம் ஒரு குன்றிமணி அளவும் இல்லை. எனினும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பழங்காலத்தில் இம்மண்ணின் சந்தைகளில் ஸ்பானிய நாட்டு வெள்ளி நாணயங்களே பெரிதும் புழங்கின. 1867ஆம் ஆண்டு வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய தொடுவாய்க் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டமையால், அரசாங்கக் கணக்குகள் ரூபாயில் எழுதப்பட்டன. மக்களோ வெள்ளியில் கொடுக்கல் வாங்கல் செய்தனர். 1845ஆம் ஆண்டிட்ட செப்புக் காசுகளில் விக்டோரியா அரசியின் தலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் காணப்படும். 1903ஆம் ஆண்டில் இக்குடியேற்றங்களுக்கென வெளிவந்த பெரிய வெள்ளி நாணயம் பம்பாய் நாணயச் சாலையில் அச்சிடப்பட்டதாகும். தாயகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்ததைப் போலவே அந்நாணயமும் கப்பலேறி வந்தது!

1919ஆம் ஆண்டு முதல் ஒரு காசு நாணயம், முனைகள் மழுங்கிய சதுர வடிவில் வெளியிடப்பட்டது. 1961ஆம் ஆண்டிட்ட காசும் அவ்வடிவிலேயே உள்ளது. உங்கள் தாத்தா பாட்டியிடம் 'சதுரக் காசு' என்று கூறிப் பாருங்கள். அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

இனி, என் குடும்பத்துப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டுகிறேன். என் பாட்டியாரின் தகரப் பெட்டியின் அடியில், பழஞ்சேலைத் துணியில் சுற்றிய நோட்டுக் கட்டு ஒன்று இருந்தது. பத்து வெள்ளி நோட்டில் குலையுடன் கூடிய வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்டபோது வெளியிட்ட நோட்டுகள் அவை. அவற்றின் எண்வரிசையில் முதலில் வரும் ஆங்கில 'எம்' என்னும் எழுத்து மலாயாவைக் குறிக்கும். முதலில் வந்த நோட்டுகளில் தொடர் எண் இருந்தது. பின்னர் அதையும் விட்டுவிட்டு, எழுத்துகளை மட்டும் இட்டு அச்சடித்துத் தள்ளினர். பண்டம் குறைந்து பணம் பெருகினால் என்ன நேரும்? விலை ஏறும், பணத்தின் மதிப்பு இறங்கும். அரிசிக்கும் துணிக்கும் மக்கள் கட்டுக்கட்டாக நோட்டுகளைச் சுமந்து செல்ல நேர்ந்தது.

1943ஆம் ஆண்டில் என் பாட்டனார் சயாம் இரயில் பாதை வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. புறப்படும்போது அவர் கொடுத்துச் சென்ற பணத்தை, வந்தபின் சேர்ந்து செலவழிக்கலாம் என்று பாட்டியார் தொடாமல் வைத்திருந்தார். 1945ஆம் ஆண்டு ஜப்பானியர் சரணடைந்ததும் மீண்டு வந்த ஆங்கிலேய நிருவாகம், அந்நோட்டுகள் செல்லா என்று அறிவித்தது. அக்கட்டுக்கு அன்று ஒரு கவுளி வெற்றிலைகூடக் கிடைக்கவில்லை. பலர் அவற்றை அடுப்பில் இட்டனர். பாட்டியார் மட்டும் இடவில்லை.

இன்று அத்தகைய நோட்டுகள் பழம்பணக் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கின்றன; விலையும் சொற்பமே. ஆனால் அக்கட்டுக்கு நான் விலை கூற மாட்டேன். விலை வேறு, மதிப்பு வேறு என்பதை எனக்கு முதலில் கற்பித்த பாடநூல் அதுதான்.

1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் புதுப் பணத்தை வெளியிட்டன. 1973ஆம் ஆண்டு வரை அவை ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றிக்கொள்ளப்பட்டன. சிங்கப்பூரும் புருணையும் அவ்வழக்கத்தை இன்றும் தொடர்கின்றன. சிங்கப்பூரின் முதல் நாணயங்களில் ஐம்பது காசில் சிங்கமீனும் பத்துக் காசில் கடற்குதிரையும் நீந்தின. 1985ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டாம் வரிசை நாணயங்களிலோ, நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் பொறிக்கப்பட்டது. அவற்றுள் நம் தமிழும் ஒன்று. ஒரு சிறு காசில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் படிக்கும்போது எழும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

காசு சேர்ப்பது வெறும் விளையாட்டு என்று எண்ணற்க. தமிழகத்தில் நாளிதழ் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் பழங்காசு திரட்டுவதில் பேரார்வம் கொண்டவர். 'பெருவழுதி' என்னும் பாண்டிய மன்னன் பெயர் பண்டைத் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்ட செப்புக்காசை 1980களில் அவர் அறிஞர் உலகுக்கு அறிமுகம் செய்தார். சங்க காலப் பாண்டியர் தம் பெயரிட்டுக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று. அக்காசைப் பழைய செம்பென்று எவரேனும் உருக்கியிருந்தால், ஒரு மன்னனின் சான்றே உருகிப் போயிருக்கும் அன்றோ?

நம் பள்ளி மாணவர்கள் தனித்தனியே சேர்ப்பதைவிடக் கூடிச் சேர்ப்பதே நலம். ஒருவரிடம் இரண்டாக உள்ளதை இல்லாதவருக்குக் கொடுத்து, தம்மிடம் இல்லாததைப் பெறலாம். 'தமிழ் எழுத்துள்ள பணம்' என்று ஒரு தலைப்பை வகுத்துக்கொள்வோம். சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, மொரீசியசு ஆகிய நான்கு நாடுகளின் பணத்தாள்களிலும் தமிழ் உண்டு. இந்திய நோட்டின் பின்புறத்தில் மொழிகள் அடுக்கப்பட்டுள்ள கட்டத்தில் தமிழைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மொரீசியசில் 1998ஆம் ஆண்டு வந்த புதுநோட்டில் தமிழின் இடம் கீழே தள்ளப்பட்டதற்கு அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அந்நோட்டுகள் மீட்டுக்கொள்ளப்பட்டுத் திருத்தி வெளியிடப்பட்டன. இவற்றையெல்லாம் சிறிய மதிப்பிலேயே வாங்கலாம். பெருஞ்செலவு வேண்டியதில்லை.

காக்கும் முறையை அறிவது மிக இன்றியமையாதது. இதில் என் பிழையையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன். பன்னிரண்டு வயதில், பாட்டியார் தந்த பழைய வெள்ளி நாணயம் ஒன்றைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவெனத் தேய்த்தேன். தேய்ந்தது அழுக்கு மட்டுமன்று. அரசரின் தலைமுடியும் ஆண்டின் எழுத்தும் சேர்ந்தே தேய்ந்தன. அதை இன்று கையில் எடுத்தாலும் வெட்கமாக உள்ளது. ஆகவே,

காசை ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் பற்றி எடுங்கள். விரலின் வியர்வை கறையை உண்டாக்கும்.

மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் வைத்தால் பச்சைப் பிசின் படியும். காகித உறையோ கெட்டி அட்டையோ நல்லது.

நோட்டைப் பசையிட்டு ஒட்டாதீர்கள், மடிக்காதீர்கள், ஈரம் அணுகாமல் காத்திடுங்கள்.

எங்கே, எவரிடம், எந்நாளில் கிடைத்தது என்பதை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். எழுதப்படாத காசு, பெயர் தெரியாத உறவினரின் நிழற்படம் போன்றது.

வாங்கும்போது விழிப்பும் வேண்டும். மேற்கூறிய 1903ஆம் ஆண்டு வெள்ளி நாணயம் ஏறத்தாழ 27 கிராம் நிறையுள்ளது. வெள்ளியைக் காந்தம் இழுக்காது; இழுத்தால் அது போலி. காந்தம் இழுக்காத போலிகளும் உள்ளமையால் நிறையையும் பார்த்தல் வேண்டும்.

பெற்றோர்களே! பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களை விட்டுப் பல குடும்பங்கள் நகரத்துக்குக் குடிபெயர்கின்றன. பெட்டிகளை ஒழிக்கும்போது பழைய காசுகளும் நோட்டுகளும் பழைய இரும்புக்காரரிடம் நிறைக்குப் போய்விடுகின்றன. அவற்றை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் உரிமை. ஆயினும் விற்குமுன் ஒரு நாள் பிள்ளையிடம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். அதன் கதையை எழுதிக்கொண்டு, காசைக் குறையாமல் உங்களிடமே திருப்பித் தருவோம்.

மாணவர்களே! தமிழில் 'நாணயம்' என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நண்பன் அறியாத அரிய காசை, அறியாமையைப் பயன்படுத்திக் குறைந்த விலைக்குப் பறிப்பவன் முதல் நாணயத்தைப் பெற்று இரண்டாவதை இழக்கிறான். செல்லாத நோட்டையும் நம்பிக்கையோடு காத்த என் பாட்டியாரிடம் முதலாவது இல்லை. இரண்டாவது நிறைய இருந்தது. நீங்கள் இரண்டையும் சேர்த்து வாழ்வீர்களாக!